பனியாறு விட்டுச்சென்ற எல்லைகளிலிருந்து பழைய காலநிலையைக் கணிப்பது எப்படி?

மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பனியாறு இன்று முடியும் இடத்துக்குக் கீழே, சில இடங்களில் பல கிலோமீட்டர் தொலைவு வரை, அது முற்காலத்தில் எட்டிய எல்லைகளின் தடயங்கள் கிடக்கின்றன. அந்தத் தடயங்களை அடையாளம் கண்டு, அவற்றின் வயதைத் தீர்மானித்து, பனியாறு அங்கே நின்ற காலத்தில் வெப்பநிலையும் பனிப்பொழிவும் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிடும் முறையை இந்தக் கட்டுரை விளக்குகிறது. களத்துக்குச் செல்லும் மாணவருக்கும், செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே ஒரு பள்ளத்தாக்கின் வரலாற்றைப் படிக்க விரும்புபவருக்கும் இது பொருந்தும். பனியாற்றின் முகப்பு, அதாவது அதன் கீழ்முனை, காலநிலையை உடனுக்குடன் காட்டுவதில்லை. அது தாமதமாகவும், பல ஆண்டுகளின் விளைவைச் சேர்த்தும், சில வேளைகளில் காலநிலைக்குத் தொடர்பே இல்லாத காரணங்களைக் கலந்தும் காட்டுகிறது. கீழே வரும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் பனியின் வரவு செலவு

பனியாற்றின் மேற்பகுதியில் ஆண்டுதோறும் விழும் பனி, அங்கே கரைவதைவிட அதிகமாக இருப்பதால் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகிப் பனிக்கட்டியாகிறது. கீழ்ப்பகுதியில் விழுவதைவிட உருகுவது அதிகம். இரண்டுக்கும் நடுவே, ஓர் ஆண்டின் வரவும் செலவும் சரிசமமாக இருக்கும் உயரத்தைச் சமநிலைக் கோடு என்கிறோம். மேலே சேர்ந்த பனிக்கட்டி தன் எடையாலேயே மெதுவாகக் கீழே நகர்ந்து, உருகும் பகுதியில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்கிறது. பனியாறு பின்வாங்குகிறது என்று சொல்லும்போது பனி மலை மேல் திரும்பி ஏறுவதாகப் பொருளில்லை. பனிக்கட்டி அப்போதும் கீழ்நோக்கித்தான் நகர்கிறது; வந்து சேரும் அளவைவிட முகப்பில் உருகும் அளவு கூடிவிட்டதால், முடிவிடம் மட்டும் மேலே போகிறது.

காலநிலை மாறினால் முதலில் அசைவது சமநிலைக் கோடு. கோடை வெப்பம் குறைந்தாலோ பனிப்பொழிவு கூடினாலோ அது கீழே இறங்குகிறது. எதிர்மாறாக நடந்தால் மேலே ஏறுகிறது. ஆகவே ஒரு முன்னேற்றத்தைக் கண்டவுடன் "அப்போது குளிர் அதிகம்" என்று எழுதிவிடுவது அவசரம். நார்வேயின் யூஸ்டெடால்ஸ்ப்ரீன் பனித்தொப்பியிலிருந்து இறங்கும் பிரிக்ஸ்டால்ஸ்ப்ரீன் 1990-களில் வேகமாக முன்னேறியதற்குக் குளிர்காலப் பனிப்பொழிவு மிகுந்ததே முதன்மைக் காரணம். 2000-க்குப் பின் அதே பனியாறு வேகமாகப் பின்வாங்கியது. நியூசிலாந்தில் நிலைமை வேறு. அங்கே 1983 முதல் 2008 வரை குறைந்தது 58 பனியாறுகள் முன்னேறின. உலகம் முழுவதும் வெப்பமடைந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அந்தப் பகுதியில் மட்டும் நிலவிய குளிர்ச்சியே அதற்குப் பெரும் காரணம் என்று ஆய்வுகள் காட்டின. மத்திய, கிழக்கு இமயத்தின் பல பனியாறுகளுக்கோ பனி வரவே கோடைப் பருவமழையோடுதான் வருகிறது. வெப்பம் சற்று உயர்ந்தால் உருகுதல் கூடுவதோடு, பனியாக விழவேண்டியது மழையாக விழுகிறது; புதுப்பனியின் வெண்மை இல்லாமல் போவதால் வெயிலும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. உங்கள் பனியாறு எந்தப் பருவத்தில் வரவைப் பெறுகிறது என்பதை ஆய்வின் முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

சமநிலைக் கோடு ஓராண்டிலேயே நகரக்கூடியது, முகப்பு அப்படியல்ல. மேலே ஏற்பட்ட மாற்றம் பனியின் ஓட்டத்தின் வழியாகக் கீழே வந்து சேரக் காலம் ஆகிறது. இந்தத் தாமதத்தைத் தோராயமாக அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு: பனியாற்றின் தடிமனை, முகப்பில் ஓராண்டில் உருகும் அளவால் வகுக்க வேண்டும். 100 மீட்டர் தடிமனும் ஆண்டுக்கு 5 மீட்டர் உருகுதலும் உள்ள பனியாற்றுக்கு இது 20 ஆண்டுகள். 300 மீட்டர் தடிமனாக இருந்தால் 60 ஆண்டுகள். கண்டப் பனிப்படலங்களுக்கு இது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீள்கிறது. அடுத்தடுத்த இரண்டு பள்ளத்தாக்குகளில் ஒரு பனியாறு முன்னேறும்போது மற்றொன்று பின்வாங்குவதைப் பார்த்தால் முரண்பாடு என்று எண்ண வேண்டாம். இரண்டும் வெவ்வேறு பத்தாண்டுகளின் வானிலைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

நிலத்தில் எதைத் தேடுவது

மிக முக்கியமான தடயம் மொரைன் எனப்படும் படிவுமேடு. பனியாறு சுமந்துவந்த கல்லும் மணலும் களிமண்ணும் முகப்பில் வளைந்த வரப்பாகக் குவிந்தால் அது முனை மொரைன். இரு பக்கங்களிலும் நீண்ட கரைபோலக் குவிந்தால் பக்க மொரைன். ஆற்றுப் படிவில் கற்கள் உருண்டு, அளவுவாரியாகப் பிரிந்து கிடக்கும். பனியாற்றுப் படிவில் வீடளவு பாறையும் மாவுபோன்ற தூளும் ஒரே குவியலில் கலந்திருக்கும். கற்களின் விளிம்புகள் பாதி மழுங்கி, பக்கங்களில் கீறல்களோடு காணப்படும். நிலச்சரிவுக் குவியலும் ஏறக்குறைய இப்படித்தான் தோன்றும் என்பதால், மேட்டின் வடிவத்தை மட்டும் நம்பாமல் கற்களின் வகையையும் பாருங்கள். பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் மட்டுமே கிடைக்கும் பாறைவகை கீழே கிடந்தால், அதைப் பனி சுமந்துவந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது பள்ளத்தாக்குச் சுவர்களில் தெரியும் எல்லைக்கோடு. அதற்குக் கீழே பாறை வழுவழுப்பாகவும் செடிகொடி குறைந்து வெளிறியும் இருக்கும். மேலே பழைய மண்ணும் முதிர்ந்த தாவரங்களும் இருக்கும். சுவிட்சர்லாந்தின் பெரிய அலெட்ச் பனியாற்றின் இருபுறமும் இந்தக் கோடு படங்களிலேயே தெளிவாகத் தெரிகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பனியின் மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை அதைக்கொண்டு அளக்கலாம். அந்தப் பனியாறு அதன்பின் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் சுருங்கிவிட்டது. படுகைப் பாறையில் உள்ள கீறல்கள் பனி நகர்ந்த திசையைக் காட்டும். 'யு' வடிவப் பள்ளத்தாக்கு பனியாறு அங்கே இருந்ததற்குச் சான்றுதான். ஆனால் பல பனியுகங்கள் சேர்ந்து குடைந்த வடிவம் அது என்பதால், எந்த ஒரு முன்னேற்றத்தின் தேதியையும் அதனால் சொல்ல முடியாது.

செயற்கைக்கோள் படத்தில் தொடங்குபவர், முப்பரிமாணக் காட்சியில் பள்ளத்தாக்கைச் சாய்த்துப் பார்த்து, இன்றைய முகப்பிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு வளைந்த மேட்டையும் குறித்துக்கொண்டு வரலாம். நிழல் நீண்டிருக்கும் காலைப் படங்களில் தாழ்வான மேடுகளும் புலப்படும். உள்ளே இருப்பது புதியது, வெளியே இருப்பது பழையது என்பது பொது விதி. இந்த விதியின் பின்விளைவுதான் பலரும் தவறவிடுவது: பின்னால் வந்த பெரிய முன்னேற்றம், முன்னால் வந்த சிறிய முன்னேற்றங்களின் மேடுகளை எல்லாம் அழித்துவிடுகிறது. நிலத்தில் மிஞ்சுவது முழு வரலாறு அல்ல, அழிக்கப்படாமல் தப்பியது மட்டுமே. ஆல்ப்ஸ் மலைச் சான்றுகளைக் கொண்டு 1909-இல் நிறைவுற்ற தங்கள் பெரும் ஆய்வில் புவியியலாளர்களான பெங்க்கும் பிரூக்னரும் நான்கு பனியுகங்களை அடையாளம் கண்டார்கள்; கடலடிப் படிவுகள் படிக்கப்பட்டபோது அந்த எண்ணிக்கை பல மடங்காயிற்று. இரண்டு மொரைன்கள் இருப்பதால் முன்னேற்றங்கள் இரண்டே என்று எழுதக்கூடாது. குறைந்தது இரண்டு என்றே எழுத வேண்டும்.

காலநிலை அல்லாத காரணங்களை விலக்குதல்

வயதைக் கணிக்கப் பணமும் உழைப்பும் செலவிடுவதற்கு முன் இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது. என் கருத்தில் முழு வேலையிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வெளியாகும் பல கணிப்புகள் இங்கேதான் தடுமாறுகின்றன.

சில பனியாறுகள் நீண்ட காலம் அசையாதிருந்து திடீரென்று பாய்கின்றன. அடியில் தேங்கும் உருகுநீரும் பனிக்கட்டியின் உள்வெப்பமும்தான் இதை இயக்குகின்றன. அந்த ஆண்டின் குளிர் அல்ல. காரகோரத்தின் குட்டியா பனியாறு 1953-இல் சில மாதங்களிலேயே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் முன்னேறியது. காரகோரம், அலாஸ்கா, ஸ்வால்பார்ட், ஐஸ்லாந்து ஆகிய பகுதிகளில் இத்தகையவை மிகுதி. பனியாற்றின் மேற்பரப்பில் உள்ள கருநிறக் கல்வரிகள் நேராக ஓடாமல் சுருண்டு மடிந்து கிடந்தால் அது பாயும் வகை என்று ஐயுற வேண்டும். அதன் மொரைனைக் காலநிலைக்குச் சான்றாக எடுக்க வேண்டாம்.

கடலில் முடியும் பனியாறுகள் இன்னொரு சிக்கல். முகப்பு ஆழம் குறைந்த மேட்டில் ஊன்றி நிற்கும்வரை நிலையாக இருக்கும். அதைவிட்டுச் சற்றே பின்னகர்ந்து ஆழமான நீரில் நின்றுவிட்டால், பனிக்கட்டி உடைந்து விழும் வேகம் கூடி, வெப்பநிலை மேலும் உயராவிட்டாலும் பின்வாங்கல் தொடரும். அலாஸ்காவின் கிளேசியர் பே என்ற வளைகுடா, 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் பயணக்குழு கண்டபோது ஏறக்குறைய வாய்வரை பனியால் நிறைந்திருந்தது. 1916-க்குள் பனி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்வாங்கிவிட்டது. தொடக்கம் காலநிலையால் என்றாலும் அந்தத் தொலைவு முழுவதையும் வெப்ப உயர்வாக மாற்றிக் கணக்கிட முடியாது. அதே அலாஸ்காவில் ஹப்பர்டு பனியாறு இன்றைய வெப்பத்திலும் முன்னேறி, 1986-லும் 2002-லும் ரஸ்ஸல் ஃபியோர்டின் வாயைத் தற்காலிகமாக அடைத்தது.

பனியின் மேல் கிடக்கும் கற்போர்வையையும் கவனியுங்கள். ஓரிரு சென்டிமீட்டருக்குக் குறைவான தூசி வெயிலை உறிஞ்சி உருகுதலைக் கூட்டுகிறது. அதைவிடத் தடித்த போர்வை பனியை வெப்பத்திலிருந்து காக்கிறது. இமயத்தின் பல பனியாறுகளில் முகப்பு அதே இடத்தில் நிற்க, பனி மட்டும் மேலிருந்து மெலிந்துகொண்டே போகிறது. முகப்பை மட்டும் அளப்பவருக்கு அங்கே ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். பெரிய பாறைச்சரிவு ஒன்று பனியின் மேல் விழுந்தால் அந்தப் போர்வையே முன்னேற்றத்தைத் தூண்டலாம். நியூசிலாந்தின் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாற்றுக்குக் கீழே உள்ள வயிஹோ லூப் என்ற பெரிய மொரைன், உலகளாவிய குளிர்ச்சி ஒன்றின் சான்றாக நீண்ட காலம் காட்டப்பட்டது. அதன் கற்களில் பெரும்பகுதி பாறைச்சரிவிலிருந்து வந்தவை என்று 2008-இல் வெளியான ஆய்வு வாதிட்டது. ஒரே ஒரு பள்ளத்தாக்கை வைத்து முடிவு சொல்லாமல், அருகிலுள்ள பல பள்ளத்தாக்குகள் ஒரே காலத்தில் ஒரே திசையில் நகர்ந்தனவா என்று பார்ப்பதே இதற்கெல்லாம் பாதுகாப்பு.

வயதைத் தீர்மானித்தல்

கடந்த சில நூற்றாண்டுகளுக்கு எழுத்தும் ஓவியமும் உதவும். 1644-இல் ஷமோனி பள்ளத்தாக்கில் ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பனியாறுகளை ஆசீர்வதித்து நிறுத்துவதற்காக ஜெனீவாவின் ஆயர் ஊர்வலம் சென்றது பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டில் முகப்பு எவ்வளவு கீழே இருந்தது என்பதற்கு அது நேரடிச் சான்று. மொரைனின் மேல் வளர்ந்த மரத்தின் வளையங்களை எண்ணினால் அந்த மேடு குறைந்தது எவ்வளவு பழையது என்பது தெரியும். பனி மோதி வீழ்த்திய மரம், வேரோடு நின்ற இடத்திலேயே கிடைத்தால் அதைவிட நல்லது: அதன் கடைசி வளையம் பனி அங்கே வந்து சேர்ந்த ஆண்டையே காட்டும். அலெட்ச் பனியாற்றின் கடந்த ஏறக்குறைய 3,500 ஆண்டு வரலாறு பெருமளவு இத்தகைய மரங்களைக் கொண்டே கட்டப்பட்டது. பாறைமேல் மிக மெதுவாக வளரும் லைக்கன்களின் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரிகள்) விட்டத்தை அளக்கும் முறையை 1950-இல் ரோலண்ட் பெஷெல் முன்வைத்தார். வளர்ச்சி வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால், வயது தெரிந்த கல்லறைக் கற்களையோ பாலங்களையோ கொண்டு அந்தந்தப் பகுதிக்கு அளவுகோல் தயாரித்த பின்பே இதைப் பயன்படுத்தலாம்.

மரம், இலை போன்ற உயிர்ப்பொருள் எச்சங்களின் வயதைச் சொல்லும் கதிரியக்கக் கார்பன் முறை ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரை கைகொடுக்கும். மொரைனுக்கு அடியில் புதைந்த மண்ணின் வயது, மேடு அதற்குப் பிந்தியது என்று சொல்லும். மொரைனுக்குப் பின்னால் தேங்கிய ஏரியின் அடிச்சேற்றின் வயது, மேடு அதற்கு முந்தியது என்று சொல்லும். இரண்டும் கிடைத்தால் வயதை நடுவில் நெருக்கிவிடலாம்.

மரமே இல்லாத உயர்ந்த பள்ளத்தாக்குகளில் பெரிலியம்-10 முறைதான் வழி. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பாறைப் பரப்பில் உள்ள குவார்ட்ஸ் கனிமத்தில் பெரிலியத்தின் இந்த அணுவகையை (ஐசோடோப்பை) மிகச் சிறிய அளவில் உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. பனி விலகிப் பாறை வெளிப்பட்ட நாளிலிருந்து அது சேர்கிறது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஆய்வகத்தில் அளந்து வயதைப் பெறுகிறார்கள். மொரைனின் உச்சியில் அசையாமல் பதிந்திருக்கும் பெரும்பாறைகளின் மேற்பரப்பிலிருந்து மாதிரி எடுங்கள். சரிவில் கிடப்பவற்றைத் தொட வேண்டாம். முன்பே வெளிப்பட்டிருந்த பாறை உண்மையைவிட முதிர்ந்த வயதைத் தரும்; பின்னாளில் புரண்டோ மண்ணிலிருந்து எழும்பியோ வந்த பாறை இளைய வயதைத் தரும். எனவே ஒரே மேட்டில் பல பாறைகளை எடுத்து, பெரும்பாலானவை எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் தேதி, முன்னேற்றம் தொடங்கிய நாளைக் குறிப்பதில்லை. பனி அந்த மேட்டை விட்டு விலகத் தொடங்கிய நாளையே குறிக்கிறது. குளிர் எப்போது வந்தது என்று கேட்பவருக்கு, குளிர் எப்போது தளர்ந்தது என்பதே விடையாகக் கிடைக்கிறது.

எல்லையிலிருந்து வெப்பநிலைக்கு

மொரைன்களையும் சுவர்க்கோட்டையும் இணைத்துப் பழைய பனியாற்றின் பரப்பை வரைபடத்தில் மீட்டெடுங்கள். நிலையான பனியாறு ஒன்றில் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் சமநிலைக் கோட்டுக்கு மேலே இருக்கும் என்பது நடைமுறையில் பயன்படும் அளவு. மேலிருந்து பரப்பைக் கூட்டிக்கொண்டே வந்து, 60 சதவீதம் நிறையும் உயரத்தைக் குறித்துக்கொண்டால் அதுவே பழைய சமநிலைக் கோடு. கற்போர்வை மிகுந்த பனியாறுகளுக்கு இந்த விகிதம் குறைவு என்பதால் 50, 70 சதவீதங்களுக்கும் கணக்கிட்டுப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. இன்றைய சமநிலைக் கோடு 3,000 மீட்டரிலும், மீட்டெடுத்த பனியாற்றின் கோடு 2,820 மீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேறுபாடு 180 மீட்டர். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஆகவே அந்தக் காலம் ஏறக்குறைய 1.2 டிகிரி குளிர்ந்திருந்தது. 50 சதவீதத்தில் கோடு 2,880 மீட்டரிலும், 70 சதவீதத்தில் 2,760 மீட்டரிலும் வந்தால், விடை 0.8 முதல் 1.6 டிகிரி வரை விரிகிறது. அந்த வரம்பையே முடிவாக எழுத வேண்டும்.

இந்தக் கணக்கில் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, பனிப்பொழிவு மாறவில்லை என்பது. பனியாறு மட்டும் தனியாக நின்று வெப்பத்தையும் பொழிவையும் பிரித்துக் காட்டாது. ஏரிப் படிவில் உள்ள மகரந்தம், பழைய மரவரம்பின் உயரம் போன்ற தனிச் சான்று ஏதாவது வேண்டும். இரண்டாவது, இன்றைய பனியாறு இன்றைய காலநிலையோடு சமநிலையில் இருக்கிறது என்பது. பெரும்பாலான பனியாறுகள் அப்படி இல்லை. ஆகவே இன்றைய கோட்டைப் பனியாற்றின் தற்போதைய வடிவத்திலிருந்து எடுக்காமல், பல ஆண்டுகள் நேரடியாக அளந்த பனி வரவு செலவுக் கணக்கிலிருந்து எடுங்கள். ஸ்வீடனின் ஸ்டோர்கிளசியாரனில் 1940-களின் நடுவிலிருந்து இடைவிடாமல் இந்த அளவீடு நடக்கிறது. உலகெங்கிலுமிருந்து வரும் இத்தகைய அளவீடுகளை ஜூரிக்கில் இயங்கும் உலகப் பனியாற்றுக் கண்காணிப்பு மையம் திரட்டி வெளியிடுகிறது.

பிற பதிவுகளோடு ஒப்பிடுதல்

பனிப்படலங்கள் வளரும்போது எடை குறைந்த ஆக்சிஜன்-16 பனியில் கூடுதலாகத் தேங்கி, கடல்நீரில் ஆக்சிஜன்-18-இன் பங்கு உயர்கிறது. கடலடியில் படிந்த நுண்ணுயிர் ஓடுகளில் அது பதிவாகிறது. இந்தப் பதிவில் புவியின் சுற்றுப்பாதையாலும் அச்சுச் சாய்வாலும் எழும் ஏறக்குறைய 100,000, 41,000, 23,000 ஆண்டுச் சுழற்சிகள் இருப்பதை 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கில்டன் மூவரும் காட்டினார்கள். அண்டார்டிகாவின் டோம் சி பகுதியில் துளையிட்டெடுத்த பனி உருளைகள் 800,000 ஆண்டுகளின் காற்றை வைத்திருக்கின்றன. அதில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையே ஏறியிறங்கியிருக்கிறது.

உங்கள் மொரைன் ஏறக்குறைய 26,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதானால் அது கடைசிப் பனியுகத்தின் உச்சத்தைச் சேர்ந்தது. அப்போது கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்குள் விழுந்தால் யங்கர் டிரையஸ் எனப்படும் குளிர்க்காலத்தோடு பொருத்திப் பார்க்கலாம். பின்லாந்தின் சால்பவுசெல்கா மேடுகள் அந்தக் காலத்தவை. ஆனால் இந்தப் பெயர்களை உலகம் முழுவதற்கும் ஒட்டிவிட வேண்டாம். நியூசிலாந்துப் பனியாறுகள் அதற்குச் சற்று முன், ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் முன்னேறி, வடக்கே யங்கர் டிரையஸ் குளிர் நிலவியபோது பின்வாங்கிக்கொண்டிருந்தன. இமயத்திலும் பல பள்ளத்தாக்குகளில் மிகப் பெரிய முன்னேற்றம் கடைசிப் பனியுக உச்சத்துக்கு முன்பே நிகழ்ந்திருக்கிறது; பருவமழையின் வலிமையும் அங்கே கணக்கில் வருகிறது.

மிகப் பழைய மேடுகளுக்குப் போவதற்கு முன், 19-ஆம் நூற்றாண்டில் முடிந்த, சில நூற்றாண்டுகள் நீடித்த குளிர்க்காலமான சிறு பனியுகத்தின் இறுதி மொரைன்களில், அதாவது ஆல்ப்ஸில் 1850-ஐ ஒட்டி நின்றவற்றில், உங்கள் முறையைச் சோதித்துப் பாருங்கள். அந்தப் பகுதியில் வெப்பமானி அளவீடுகள் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருப்பதால், கணித்த விடையை அளந்த விடையோடு நேராக ஒப்பிடலாம். அங்கேயும் விவாதம் ஓயவில்லை: வெப்பநிலை பெரிதாக உயராத நிலையில் பின்வாங்கல் ஏன் தொடங்கியது என்ற கேள்விக்கு, தொழிற்சாலைக் கரித்தூள் பனியில் படிந்ததே காரணம் என்று 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது, பனி உருளைகளில் கரித்தூள் உயர்ந்த காலம் பின்வாங்கல் தொடங்கியதற்குப் பிந்தியது என்று 2018-இல் மற்றோர் ஆய்வு மறுத்தது. 1850 மொரைனுக்கு உங்கள் கணக்கு தரும் வரம்புக்குள் வெப்பமானியின் அளவு அடங்கவில்லையென்றால், பரப்பு விகிதத்தையும் பனிப்பொழிவு அனுமானத்தையும் திருத்திய பின்பே அடுத்த வெளிமேட்டுக்குச் செல்லுங்கள்.